வீட்டுக்குள் கீரை வளர்க்கப் போகிறீர்களா? முதலில் வெளிச்சத்தைக் கணக்குப் பாருங்கள்

வீட்டுக்குள் முதன்முதலாகக் கொத்தமல்லி விதைத்துப் பார்த்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். விதை முளைத்தது, நான்கு நாள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒரு வாரத்தில் தண்டு நூல் மாதிரி நீண்டு சன்னல் பக்கமாகச் சாய்ந்தது, அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால் மொத்தமும் படுத்துக் கிடந்தது. எனக்கும் அதுவேதான் நடந்தது. சன்னலிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி இருந்த அலமாரித் தட்டில் மூன்று தடவை விதைத்தேன். மண்ணை மாற்றினேன், விதையை மாற்றினேன், தொட்டியையும் மாற்றினேன், இடத்தை மட்டும் மாற்றவில்லை. அந்த இடம் நல்ல வெளிச்சமாக இருப்பதாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

அந்தச் செடிகள் நோயில் சாகவில்லை, பட்டினியில் செத்தன. செடிக்குச் சாப்பாடு மண்ணும் இல்லை, உரமும் இல்லை, வெளிச்சம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும், சின்ன இடத்தில் எதை வளர்க்கலாம், எதை வளர்க்க முடியாது, எங்கே வைக்கலாம் என்பதற்கெல்லாம் விடை தானாகவே கிடைத்துவிடும்.

மண் சாப்பாடு இல்லை என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட் என்பவர் இதைத் தராசில் நிறுத்தே பார்த்தார். சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணை ஒரு தொட்டியில் போட்டு, 2 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவுக்கு மேல் வளர்ந்திருந்தது. மண்ணை உலர்த்தி நிறுத்துப் பார்த்தால் குறைந்திருந்தது வெறும் 57 கிராம் அளவுக்குத்தான். அவர் இறந்த பிறகு, 1648இல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார், அதில் பாதிதான் சரி. காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடையும் வேர் வழியாக வரும் தண்ணீரையும் சேர்த்து இலை சர்க்கரை செய்கிறது, அந்த வேலைக்கு வேண்டிய சக்தி முழுவதும் வெளிச்சத்திலிருந்து வருகிறது. உரம் கொடுப்பது தாது உப்புகளை. சாப்பாடே இல்லாதவருக்குச் சத்து மாத்திரை கொடுத்து என்ன பயன்? வெளிச்சம் இல்லாத செடிக்கு உரம் போடுவதும் அப்படித்தான்.

கண்ணை நம்ப வேண்டாம்

நம் கண் ரொம்பக் கெட்டிக்காரத்தனமான உறுப்பு. இருட்டில் பாப்பா விரியும், வெயிலில் சுருங்கும், உள்ளே இருக்கும் செல்களும் தங்கள் உணர்திறனைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். அதனால் அறைக்கும் வெட்டவெளிக்கும் இரண்டு மூன்று மடங்குதான் வித்தியாசம் என்று தோன்றும். அளந்து பார்த்தால், உச்சி வெயிலில் வெட்டவெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகம் மூடிய பகலில்கூட 10,000 லக்ஸ் அளவுக்கு இருக்கலாம். விளக்குப் போட்ட அறையில் 100 முதல் 500 லக்ஸ் வரை. அதாவது 200 மடங்கு, சில நேரம் 1,000 மடங்கு வித்தியாசம். உட்கார்ந்து படிக்க வசதியாக இருக்கும் இடம் செடிக்குக் கும்மிருட்டு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மழையை அளக்கும்போது ஒரு நொடியில் எவ்வளவு பெய்தது என்று கேட்பதில்லை, நாள் முழுக்க எவ்வளவு சேர்ந்தது என்றுதான் கேட்போம். செடிக்கு வெளிச்சமும் அப்படியே. ஒரு சதுர மீட்டரில் ஒரு நாள் முழுக்க விழுந்து சேரும் ஒளித்துகள்களை மோல் என்ற அலகில் கணக்கிடுவார்கள். லெட்டூஸ் மாதிரியான இலைக்காய்கறி நன்றாக வளர ஒரு நாளைக்கு 12 முதல் 17 மோல் வேண்டும். தக்காளிக்கு 20க்கு மேல், 30 கிடைத்தால் இன்னும் நல்லது. கோடை வெயிலில் திறந்தவெளிக்கு 40 மோலுக்கு மேல் கிடைக்கும்.

இப்போது வீட்டுக்குள் கணக்குப் போடுங்கள். 500 லக்ஸ் இருக்கும் அறையில் 12 மணி நேரம் விளக்கு எரிந்தால் சேர்வது கிட்டத்தட்ட 0.3 மோல். லெட்டூஸுக்கு வேண்டியதில் நாற்பதில் ஒரு பங்கு. வெயில் நேராக விழாத, ஆனால் பளிச்சென்று இருக்கும் சன்னல் பக்கத்தில் 2,000 லக்ஸ் பத்து மணி நேரம் இருந்தாலும் ஒன்றரை மோலைத் தாண்டாது. ஆனால் கண்ணாடி வழியாக வெயில் நேராக விழும் இடத்தில், 40,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்திலேயே 10 மோல் சேர்ந்துவிடும். வெளிச்சம் வேறு, வெயில் வேறு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியிலிருந்த என் கொத்தமல்லிக்கு வெளிச்சம் கிடைத்தது, வெயில் கிடைக்கவில்லை.

கருவி எதுவும் இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. மதிய நேரத்தில் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள், அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி அழுத்தமான நிழல் விழுந்தால் அங்கே கீரை வளரும். கை என்று தெரிகிறது ஆனால் ஓரம் மங்கல் என்றால், குறைந்த வெளிச்சத்தையும் ஓரளவு தாங்கும் புதினா போன்றவற்றை முயன்று பார்க்கலாம். நிழலே சரியாகத் தெரியவில்லை என்றால் விளக்கு இல்லாமல் அங்கே எதையும் வைக்காதீர்கள். காலை, மதியம், மாலை மூன்று வேளையும் பாருங்கள், ஏனென்றால் சில சன்னல்களுக்கு ஒன்றரை மணி நேரம்தான் வெயில் வரும், நாம் தற்செயலாக அந்த ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு ஏமாந்துவிடுவோம். போனில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன, அவை துல்லியமாக இருக்காது, ஆனால் வீட்டிலேயே எந்த இடம் மற்றதைவிட மேல் என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

நிலநடுக்கோட்டுக்கு நன்றாக வடக்கே இருப்பவர்களுக்குத் தெற்குப் பார்த்த சன்னலும், நன்றாகத் தெற்கே இருப்பவர்களுக்கு வடக்குப் பார்த்த சன்னலும் அதிக வெயில் தரும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கிழக்கும் மேற்கும்தான் நம்பகமானவை, மற்ற இரண்டு பக்கமும் பருவத்துக்குப் பருவம் மாறும். எங்கே இருந்தாலும், சன்னலை விட்டு ஓரடி ஈரடி உள்ளே தள்ளினாலே வெளிச்சம் மளமளவென்று குறையும். கொசுவலை, திரைச்சீலை, கண்ணாடியில் படிந்த தூசி எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கண்ணாடியைத் துடைப்பதுதான் செலவே இல்லாத முதல் உரம்!

இருக்கிற வெளிச்சத்துக்கு எது வளரும்

சரி, இப்போது செடியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, பிடித்த செடியை முதலில் முடிவு செய்துவிட்டு இடத்தை அப்புறம் தேடுவது. நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன்.

வெளிச்சமே இல்லாத வீட்டிலும் முளைகட்டிய பயறு உண்டு. விதைக்குள்ளேயே குட்டிச் செடிக்கான கட்டுச்சோறு இருக்கிறது, தண்ணீர் பட்டதும் அதைத் தின்று முளைக்கிறது, அவ்வளவுதான். பச்சைப்பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை அலசி வடித்தால் மூன்று நாளில் தயார். ஆனால் ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். கதகதப்பும் ஈரமும் விதைக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் பரவிய ஈ.கோலை தொற்றுக்கு முளைகட்டிய வெந்தயம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள், 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதனால் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் முளைப்பயறை நன்றாக வேகவைத்தே சாப்பிடுங்கள். ராஜ்மாவைப் பச்சையாக முளைகட்டிச் சாப்பிடவே கூடாது, அதில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். விவசாயத்துக்காக மருந்து பூசி விற்கும் விதைகளும் வேண்டாம், அவை பெரும்பாலும் இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறியிருக்கும்.

அடுத்தது மைக்ரோகிரீன்ஸ். புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கடுகு, முள்ளங்கி, வெந்தயம், தண்டுக்கீரை, பட்டாணி எதுவானாலும் சரி, விதையிலை நன்றாக விரிந்து முதல் நிஜ இலை எட்டிப் பார்க்கும் நேரத்தில் வெட்டிச் சாப்பிடுவது. முக்கால்வாசிச் சாப்பாடு விதையிலிருந்தே வந்துவிடுவதால் வெளிச்சம் கொஞ்சம் போதும், வெயில் நேராக விழாத பளிச்சென்ற சன்னலே சமாளித்துவிடும். ஆழமில்லாத, அடியில் ஓட்டை போட்ட ஒரு டப்பாவில் 3 செ.மீ. உயரத்துக்கு ஈரமான கோகோபீட்டை (தேங்காய் நார்த் தூள்) நிரப்பி, விதைகளை நெருக்கமாக, ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தூவி, இன்னொரு டப்பாவால் மூடி லேசாகக் கனம் வையுங்கள். இரண்டு மூன்று நாள் இருட்டில் இருக்கட்டும், அந்தக் கனத்தை எதிர்த்து முட்டிக்கொண்டு வளர்வதால் வேர் ஆழமாகப் பிடிக்கும். அப்புறம் சன்னலுக்கு மாற்றினால் மஞ்சளாக இருந்தது ஒரே நாளில் பச்சையாவதைக் கண்ணால் பார்க்கலாம், எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை. முள்ளங்கி ஒரு வாரம், மற்றவை பத்து முதல் பதினான்கு நாள். தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகளை மட்டும் இப்படி வளர்த்துச் சாப்பிடாதீர்கள், அந்தக் குடும்பத்துச் செடிகளின் தளிரில் நச்சுத்தன்மை உள்ள பொருள்கள் உண்டு.

வேரோடு இருக்கும் வெங்காயத்தாளின் அடித்துண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் மறுநாளே வளரும். பூண்டுப் பல்லும் அப்படித்தான், அதன் தாளை நறுக்கிப் போட்டுக்கொள்ளலாம். இவையும் சேமிப்பிலிருந்து செலவழிக்கும் செடிகளே, இரண்டு மூன்று தடவை வெட்டிய பிறகு தாள் மெலிந்துகொண்டே போகும். அப்போது வெயிலில் ஒரு தொட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் அந்தக் கணக்கு முடிந்தது என்று விட்டுவிட வேண்டும்.

வெயில் நான்கு மணி நேரமாவது நேராக விழுந்தால் உண்மையான கீரைகளுக்கு வரலாம். லெட்டூஸ் இதில் ரொம்பப் பொறுமையான செடி. 15 செ.மீ. ஆழம் போதும், வெளி இலைகளை மட்டும் கிள்ளிக்கொண்டே வந்தால் பல வாரம் நடுவிலிருந்து புது இலை விட்டுக்கொண்டே இருக்கும். பூமியை விட்டே வெளியே, சர்வதேச விண்வெளி நிலையத்தில், 2015 ஆகஸ்ட் மாதம் விண்வெளி வீரர்கள் தாங்களே வளர்த்துச் சாப்பிட்டது ஒரு சிவப்பு லெட்டூஸைத்தான். அங்கே சன்னல் வெயிலை நம்பவில்லை, எல்.இ.டி. விளக்கின் கீழே வளர்த்தார்கள். புதினாவுக்கு விதை தேட வேண்டாம், ஒரு தண்டை வெட்டி, கீழ்க்கணுவின் இலைகளைக் கிள்ளிவிட்டு, அந்தக் கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். தனித் தொட்டியில் வையுங்கள், கூட இருக்கும் செடியை அது வாழவிடாது. கொத்தமல்லிக்கு ஆணிவேர், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும், அதனால் கடைசிவரை இருக்கப்போகும் தொட்டியிலேயே விதையுங்கள். அறை சூடாகவும் பகல் நீளமாகவும் இருந்தால் சீக்கிரமே பூத்தண்டு விட்டு இலை தருவதை நிறுத்திவிடும். அது உங்கள் தவறு இல்லை, அந்தச் செடியின் சுபாவம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக விதைத்துக்கொண்டே இருப்பதுதான் வழி.

எந்தக் கீரையானாலும் ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். இலைதான் செடியின் அடுப்பு, முழுக்க எடுத்துவிட்டால் மறுபடி எதை வைத்துச் சமைக்கும்?

தண்ணீர், மண், காற்று

வெளிச்சப் பசியில் சாகாத செடிகளை நாம் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றிக் கொல்கிறோம். வேரும் மூச்சு விடுகிறது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி எந்நேரமும் தண்ணீரால் நிரம்பியிருந்தால் வேர் மூச்சு முட்டி அழுகும், அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும், வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம். இந்தச் சுழலில் எத்தனை செடிகள் போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விரலை 2 செ.மீ. உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். அதைவிட நல்ல பழக்கம், தண்ணீர் விட்டதும் ஒருமுறையும் காய்ந்த பிறகு ஒருமுறையும் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பது. ஒரு வாரத்தில் கைக்கே எடை பழகிவிடும். வெளிச்சம் குறைவான இடத்தில் செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும் என்பதால் கிழமை பார்த்து ஊற்றாதீர்கள்.

தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். ஓட்டை இல்லாத அழகான தொட்டிக்கு அடியில் கூழாங்கல் போட்டால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள், அது சரியில்லை. நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் பெரிய கற்களுக்குள் எளிதாக இறங்காது, கல்லுக்கு மேலே இருக்கும் மண்ணிலேயே தேங்கி நிற்கும், வேரும் அங்கேதான் இருக்கும். கல் போட்டதால் ஈரம் மேலே ஏறி வந்ததுதான் மிச்சம்.

தோட்டத்து மண்ணைத் தோண்டிக்கொண்டு வந்து சின்னத் தொட்டியில் நிரப்பினால் சில வாரத்தில் செங்கல் மாதிரி இறுகிவிடும். கோகோபீட், நன்கு மக்கிய உரம், கொஞ்சம் பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்துகள்) அல்லது பருமணல் கலந்தால் லேசாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும். கோகோபீட்டில் உப்பு இருக்கலாம், இரண்டு தடவை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். அதில் சத்து அநேகமாக இல்லை, ஆகவே மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் பாதி உரத்தைக் கரைத்து ஊற்றலாம்.

முளைத்த நாற்றுகள் தரையை ஒட்டிய இடத்தில் நசுங்கினாற்போல் கருத்துச் சாய்ந்தால் அது நாற்றழுகல். ஈரமும் தேங்கிய காற்றும் அதற்குக் காரணம். ஒரு சின்ன மின்விசிறியை மிக மெதுவாக ஓடவிடுங்கள், மேல்மண் காயும், காற்றில் ஆடி ஆடித் தண்டும் தடிமனாகும். தொட்டியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் பறந்தாலும் காரணம் அதே ஈரம்தான். அவற்றின் புழுக்கள் ஈரமான மேல்மண்ணில் வளர்கின்றன, அடுத்த தண்ணீருக்கு முன் மேல்மண்ணை நன்றாகக் காயவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செருகிவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும்.

விளக்கும், அதற்குப் பிறகு தக்காளியும்

சன்னலில் வெயில் இல்லை என்று கைவிட வேண்டியதில்லை. ஊதா நிறத்தில் எரியும் விளக்குதான் வேண்டும் என்பதும் இல்லை, சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கிலேயே கீரை வளரும். முக்கியமானது தூரம். அதே விளக்கு கூரையில் இருந்தால் செடிக்குப் பயனில்லை, இலைக்கு 15 முதல் 30 செ.மீ. மேலே தொங்கவிட்டால் அதுவே சூரியன். ஒரு தட்டுக் கீரைக்கு 20 வாட் விளக்கை 14 மணி நேரம் எரித்தால் ஒரு நாளைக்கு 0.28 யூனிட் மின்சாரம், உங்கள் ஊர்க் கட்டணத்தில் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு டைமர் வாங்கிவிடுங்கள், நாம் மறப்போம், அது மறக்காது. வெறும் விளக்கை விட, சுற்றிலும் வெள்ளை அட்டையோ பளபளப்பான தாளோ நிறுத்தினால் பக்கவாட்டில் வீணாகும் வெளிச்சம் திரும்பி இலைக்கு வரும். செடி நெட்டையாக நீண்டால் விளக்கை இறக்குங்கள், இலை நுனி வெளிறிச் சுருண்டால் ஏற்றுங்கள்.

ஒரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தத் தட்டுகளால் வயிறு நிறையாது. கிழங்கு, தானியம் எல்லாம் சேமித்த வெயில், அவ்வளவு வெயில் அறைக்குள் கிடையாது. வீட்டுக்குள் கிடைப்பது வாசனையும், வெட்டிய பத்து நிமிடத்தில் சாப்பிடும் பசுமையும். எனக்கு அது போதும், நிறையப் பேருக்குப் போதும்.

கீரை இரண்டு மூன்று மாதம் ஒழுங்காக வந்த பிறகு காய்க்கும் செடியைத் தொடலாம். அப்போதும் பெரிய ரகம் வேண்டாம். மைக்ரோ டாம் என்று ஒரு குட்டித் தக்காளி ரகம் இருக்கிறது, ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1989இல் வெளியிட்டது, ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே காய்த்துவிடும். விளக்கு கட்டாயம், கீரைக்குக் கொடுத்ததைவிட இரண்டு மடங்காவது. பூ விட்ட பிறகு வெளியே என்றால் காற்றும் தேனீயும் பார்த்துக்கொள்ளும், வீட்டுக்குள் அந்த வேலையும் உங்களுடையதுதான். தக்காளிப் பூவுக்குள்ளேயே மகரந்தமும் சூலகமும் சேர்ந்து இருப்பதால் அதிர்வு மட்டும் போதும். மதியத்துக்கு முன்னால், காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள், மின்சாரப் பல்துலக்கி இருந்தால் அதன் முதுகைப் பூக்காம்பில் ஒரு நொடி வையுங்கள், மஞ்சள் தூள் கொட்டுவது தெரியும். தொடர்ந்து மூன்று நான்கு நாள் செய்தால் இதழ் வாடி உதிரும், அதன் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பச்சைக் குமிழ் உட்கார்ந்திருக்கும்.